எனக்குத் தெரியவில்லை என்று எழுதிய தேர்வு

எடின்பரோவில் என் அலுவலகத்தில் யாரும் யாருடைய வேலையையும் தப்பு என்று சொல்வதில்லை. நான் போட்ட கணக்கை என் குழுத்தலைவி மோரக் ஒரு நாள் நெடுநேரம் பார்த்துவிட்டு, "தட்ஸ் எ பிரேவ் அசம்ப்ஷன்" என்றாள். துணிச்சலான அனுமானமாம். மகிழ்ந்துபோய் நன்றி சொல்லி, அதே அனுமானத்தோடு அறிக்கையை அனுப்பிவிட்டேன். மறுநாள் அது திரும்பி வந்தது. இந்த ஊரில் அதற்கு 'இதை எப்படி நம்பினாய்?' என்று பொருள் என்பதைப் பக்கத்து இருக்கைக்காரர்தான் விளக்கினார். அதுவரை எனக்குக் கிடைத்த பாராட்டுகளை அன்று மாலை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். பாதி தேறவில்லை.

நான் ஆக்சுவரி ஆவதற்குப் படிக்கிறவள். மனிதர்கள் எவ்வளவு காலம் வாழ்வார்கள், ஓய்வூதியம் எத்தனை வருடம் கொடுக்க வேண்டியிருக்கும் என்றெல்லாம் கணிக்கிற வேலை. அதில் மாடலிங் என்றொரு தேர்வு. எக்செல்லில் கணக்கை அமைப்பது பாதி. என்ன செய்தேன், ஏன் செய்தேன் என்பதை முன்பின் தெரியாத ஒருவரும் தொடரும்படி எழுதுவது மீதி. அந்த மீதியில் இரண்டு முறை தோற்றிருந்தேன். மூன்றாவது முறையும் போனால் வேறு பிரிவுக்கு மாற்ற வேண்டியிருக்கும் என்றாள் மோரக், அதையும் மிக இனிமையாக. இணையத்தில் எங்கிருந்தும் எழுதலாம் என்பதால், விடுப்பெடுத்துக்கொண்டு கோலார் தங்க வயலில் ஸ்கெலட்டன் என்ற தொழிலாளர் குடியிருப்பில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

தங்கை ஸ்டெல்லாவுக்குப் பெங்களூரில் ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வேலை. தினமும் ரயிலில் போய் வருகிறாள். என் பயிற்சிக் குறிப்பை அச்செடுத்து, வழியில் படித்துப் பார் என்று கொடுத்தனுப்பினேன். மாலையில் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே கேட்டாள்.

"இன்னாக்கா இது? நீ இன்னா பண்ணிக்கீறன்னு ஒண்ணுமே புரியல."

ஒரு சொல்லுக்கும் அகராதி தேட வேண்டாத அந்தப் பதில் சுட்டது, ஆறுதலாகவும் இருந்தது. உட்கார்ந்து வரிவரியாகப் பார்த்தோம். வினாவில் வந்த ஊழியர் பட்டியலையும் என் பட்டியலையும் ஒப்பிட்டு, ஓர் இடத்தில் அவள் விரலை வைத்தாள்.

"இந்த ஆளு வயச மட்டும் ஏன் மாத்தின?"

"பதினஞ்சு வயசுல வேலைக்குச் சேர்ந்ததா இருந்துது. டைப் பண்ணவங்க தப்பு. அதான் பதினெட்டுன்னு சரி பண்ணிட்டேன்."

"தப்புன்னு உனக்கு யாரு சொன்னது?"

தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த அப்பா சத்தத்தைக் குறைத்தார். நந்திதுர்க் சுரங்கத்தின் செங்குத்துக் குழியில், கேஜ் என்னும் இரும்புக் கூண்டில் ஆட்களை ஏற்றி இறக்கியவர் அவர். "நானே பதினஞ்சுலதாம்மா ஷாஃப்ட்ல எறங்குனேன். பேப்பர்லதான் பதினெட்டுன்னு போட்டுக்கினாங்க."

எங்கள் இருவருக்குமே அது புதுச் செய்தி. நான் மூன்றாம் வகுப்பு படிக்கையில் சுரங்கத்தை மூடினார்கள். அதன்பிறகு அப்பா பெங்களூரில் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி வேலைக்குப் போனார். அறுபது ஆகிவிட்டது என்று அங்கே அனுப்பிவைத்தபோது அவருக்கு உண்மையில் ஐம்பத்தேழுதான்.

"சொல்லியிருக்கலாமே அப்பா?"

"யாருகிட்ட சொல்றது? பேப்பருதான பேசும்."

அன்று ஏதோ ஒரு குமாஸ்தா செய்ததைத்தான் நானும் செய்திருக்கிறேன். எந்தக் குறிப்பும் இல்லாமல் ஒரு மனிதனுக்கு மூன்று வயது கூட்டியிருக்கிறேன். கணக்கு அழகாகப் பொருந்தியது. அப்பாவைப் போன்ற ஒருவர் அதில் காணாமல் போனார். இன்னும் எதையெல்லாம் அப்படிச் 'சரி' செய்திருக்கிறேன் என்று அறியும் ஆவல் பற்றிக்கொண்டது. பழைய பயிற்சிகளையெல்லாம் திறந்து தேடினேன். ஏழு இடங்கள் அகப்பட்டன.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அப்பாவும் நானும் போதகரிடம் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேட்டோம். பழுப்பேறிய பக்கத்தில் அப்பாவின் பெயருக்கு நேரே, பேப்பரில் இருப்பதற்கு மூன்று வருடம் தள்ளி, டிசம்பர் மாதப் பிறப்பு. வீட்டில் நாங்கள் கேக் வெட்டுவதோ பேப்பர்படி ஜூனில்.

"அப்ப நான் டிசம்பர்காரனா?" என்று அப்பா அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார். "போ, மூணு வருசம் லாபம்."

தேர்வு நாளில் ஸ்டெல்லா விடுப்பு எடுத்து, கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, வந்தவர்களையெல்லாம் "அப்புறமா வாங்க" என்று திருப்பி அனுப்பினாள். வினாத்தாளில் இருந்ததை வெளியே சொல்லக் கூடாது. இவ்வளவு சொல்லலாம்: இரண்டு இடங்களில், 'இது சரியா என்று எனக்குத் தெரியவில்லை, இப்படி எடுத்துக்கொண்டேன், தவறென்றால் விடை இவ்வளவு மாறும்' என்று எழுதினேன். அறியாமையை எழுதிக் கொடுக்க எங்கள் பள்ளியில் யாரும் பழக்கவில்லை.

முடிவு வந்த மதியம் எடின்பரோவில் இருந்தேன். தேறியிருந்தேன். மோரக் மெல்லிய குரலில் "நாட் பேட் அட் ஆல்" என்றாள். இம்முறை பொருள் தெரிந்தது: இந்த ஊரில் அது பெரிய பாராட்டு. ஸ்டெல்லாவை அழைத்தேன். அவள் மாலை ரயிலில் இருந்தாள். "எங்கக்கா பாஸு!" என்று அவள் கத்த, பெட்டியில் இருந்த பெண்கள் தமிழிலும் கன்னடத்திலும் என்ன பரீட்சை, எந்த ஊரு என்று விசாரித்தார்கள். ஒரு காதில் பங்காருப்பேட்டை நெருங்குகிற ரயில். மறு காதில் தொண்டையைக்கூடச் சத்தமாகச் செருமாத அலுவலகம். "எப்ப வர?" என்றாள் ஸ்டெல்லா. அதே நேரம் மோரக், நாளை எத்தனை மணிக்கு வருவேன் என்று கேட்டாள். இருவருக்கும் சேர்த்து ஒரே பதிலாக, "வரேன்" என்று தமிழில் சொன்னேன்.