பாய் வயிற்றில் தாலிக் குண்டு

"மூச்சை இழுத்துப் பிடிம்மா" என்றேன். பச்சையம்மாள் இழுத்தார். இழுத்த வேகத்தில் இருமினார். இருமி முடித்தபோது, பல்லில் கவ்வியிருந்த தாலியில் ஒரு குண்டைக் காணோம்.

எண்பதுகளில் செஞ்சியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் எக்ஸ்ரே டெக்னீஷியனாகச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நெஞ்சுப் படத்தில் நகை விழுந்தால் நுரையீரல் தெரியாது. தாலியைக் கழற்றச் சொன்னால் எந்தப் பெண்ணும் கழற்றமாட்டார். அதனால் அதைத் தூக்கி வாயில் கவ்வச் சொல்வது எங்கள் வழக்கம். ஒரு மாதமாக இருமுகிற பெண்ணிடமும் அதையே சொன்னேன் பாருங்கள், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வல்லத்திலிருந்து கூட வந்திருந்த மாமியார் தரை முழுக்கத் தடவிப் பார்த்தார். குண்டு இல்லை. "முழுங்கிட்டியாடி?" என்றார். பச்சையம்மாளுக்கே தெரியவில்லை. அது மூச்சுக்குழாயில் இறங்கியிருந்தால் நாளையிலிருந்து வேலைக்கு வராதே என்று டாக்டர் என்னிடம் சொல்லிவிட்டார்.

உடனே மறுபடியும் படம் எடுத்தேன். கழுத்தில் இல்லை, நெஞ்சிலும் இல்லை. வயிற்றுக்கு, பிலிம் வைக்கும் தட்டைப் பெட்டியான கேசட்டில் பெரியதைப் போட்டேன். அதை எப்போதாவதுதான் எடுப்போம். பிலிமைக் கழுவித் தூக்கினால் வலது பக்கம் வெள்ளையாக, உருண்டையாக ஒன்று. போன உயிர் திரும்பி வந்தது.

வயிற்றில் இருந்தால் தானே வெளியே வந்துவிடும், மூன்று நாள் வேலை எதுவும் செய்யாமல் வாழைப்பழமும் கீரையும் சாப்பிடட்டும் என்றார் டாக்டர். மாமியார் தினமும் காலையில் பஸ் ஏறி வந்து என் அறை வாசலில் நிற்பார். "இன்னும் வர்ல சார்" என்பார். போய்விடுவார்.

நான்காம் நாள் மறுபடியும் படம். குண்டு அதே இடத்தில் அசையாமல் இருந்தது. பாண்டிச்சேரிக்கு அனுப்பி வயிற்றைத் திறக்க வேண்டியதுதான் என்றார் டாக்டர். பச்சையம்மாள் முந்தானையை வாயில் அடக்கிக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது. வேலை போனால் போகட்டும், என்னால் ஒரு மனுஷி வயிற்றில் கத்தி படப் போகிறதே என்று இருந்தது.

அவர்களுக்குச் சீட்டு எழுதுவதற்குள் அவலூர்பேட்டை துணிக்கடை பாய் ஒருவர் கல்லடைப்பு வலியோடு வந்தார். அவரையும் பெரிய கேசட்டில்தான் எடுத்தேன். டாக்டர் பிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். என் பக்கம் திரும்பினார்.

"ஏம்ப்பா, அந்தம்மா தாலிய பாயும் முழுங்கினாரா?"

"நான் காலைல ரெண்டு இட்லிதான் சாப்ட்டேன் சார்" என்றார் பாய், வலியோடு வலியாக.

கேசட்டைத் திறந்து பார்த்தோம். உள்ளே, எக்ஸ்ரே பட்டதும் ஒளிர்ந்து பிலிமில் படம் விழவைக்கும் ஸ்கிரீனில் ஒரு துண்டு மல்லாட்டைத் தோல் ஒட்டியிருந்தது. வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. கேசட்டில் பிலிம் மாற்றிக் கழுவும் நேரத்தில் டார்க் ரூமில் நின்று கொறிப்பது என் வழக்கம். ஸ்கிரீன் வெளிச்சத்தைத் தோல் மறைத்த இடம் பிலிமில் வெள்ளையாக விழுந்திருக்கிறது. அந்த அறையின் சிவப்பு விளக்கில் சிவப்புத் தோல் கண்ணுக்குத் தெரியுமா? டாக்டர் அதை நகத்தால் சுரண்டி என் உள்ளங்கையில் வைத்தார். "இந்தா, உன் தாலிக் குண்டு" என்றார்.

ஓடிப்போய் நெஞ்சுப் படம் எடுக்கும் ஸ்டாண்டைக் கழற்றிக் கவிழ்த்தேன். கேசட் செருகும் பள்ளத்திலிருந்து உண்மையான குண்டு உருண்டு வந்தது. இருமிய வேகத்தில் அங்கே போய் விழுந்திருக்கிறது. நாங்கள் தரையை மட்டும்தான் தேடியிருந்தோம்.

இன்றைக்கு சி.டி. ஸ்கேன் ஓட்டுகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: படத்தில் வேண்டாதது தெரிந்தால் நோயாளியைச் சந்தேகிக்கும் முன் உங்கள் மெஷினைச் சந்தேகப்படுங்கள். டார்க் ரூமில் தின்னாதீர்கள் என்று சொல்லலாம்; இப்போது டார்க் ரூமே இல்லை.

குண்டைக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். மாமியார் பஸ் பார்க்கப் போகும்வரை பச்சையம்மாள் தலை நிமிரவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்:

"இன்னா சார், இன்னும் ரெண்டு நாள் கழிச்சுக் கண்டுபுடிச்சிருக்கக் கூடாதா? கண்ணாலம் ஆயி இப்பத்தான் எங்க மாமியா கையால உக்காந்து சாப்ட்டேன். இருமல்கூட நின்னுபோச்சு."