கோட்டான் குஞ்சுகள் இருந்த பாறை

மதுரைக்கு மேற்கே சமவெளியில் ஒரு மொட்டைப் பாறைக் கரடு இருக்கிறது. அதற்கு மேல் அடையாளம் சொல்ல மாட்டேன். சொன்னதால்தான் இவ்வளவும் நடந்தது.

எனக்குத் தல்லாகுளத்தில் அலுவலக வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆந்தை தேடிப் போவேன். ஆந்தை தேடும்போது பாதி நேரம் தரையைத்தான் பார்த்து நடக்க வேண்டும். பாறையில் சுண்ணாம்பு வடிந்த மாதிரி எச்சம் இருக்கிறதா, அடியில் உருண்டை கிடக்கிறதா என்று. தின்ற எலியின் மயிரும் எலும்பும் செரிக்காது. ஆந்தை அதை உருட்டிக் கக்கிவிடும். அந்தக் கரட்டில் இரண்டு மாதம் அலைந்தும் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அங்கே ஆடு மேய்க்கிறவர்தான் ஒருநாள் கூப்பிட்டார். என்னைவிட நாலைந்து வயது இளையவர்.

"கோட்டானையா தேடுறீங்க? முன்னாடியே கேட்டிருக்கலாம்லண்ணே. வாங்க, காட்டுறேன்."

பாறையின் தெற்கு முகத்தில், ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு மேலே, ஒரு திட்டு. அதில் கொம்பன் ஆந்தை, அவர் சொன்ன கோட்டான், உட்கார்ந்திருந்தது. தலையில் இரண்டு கொம்பு மாதிரி இறகு, ஆரஞ்சு நிறக் கண். பக்கத்தில் அழுக்குப் பஞ்சு போல மூன்று குஞ்சுகள். நான் மூச்சு விடாமல் பார்த்தேன். அவர் என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார், தன் வீட்டுப் பிள்ளைகளைக் காட்டியவர் மாதிரி.

அன்று மதியமே படத்தை வாட்ஸப் குழுவில் போட்டேன். இடம் போடவில்லை. அந்த அளவுக்கு எனக்கு விவரம் இருந்தது. சாயங்காலம் ஒருவன் போன் செய்தான். கல்லூரியில் படிக்கிறானாம், பறவைகளைப் பற்றி ப்ராஜெக்ட் செய்கிறானாம். "சார் மாதிரி ஆளுங்கதான் எங்களுக்கு வழிகாட்டணும்" என்றான். இருபது வருஷம் அலுவலகத்தில் என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. லொக்கேஷனை அனுப்பிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு போனபோது திட்டு காலியாக இருந்தது. பாறை விளிம்பில் அறுந்த நைலான் கயிறு ஒரு முழம் தொங்கியது. ஆடுகள் தம் பாட்டுக்கு எங்கேயோ மேய, அவர் தலையில் கைவைத்துக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"செவ்வாக்கிழமை பைக்குல ரெண்டு பேர் வந்தாங்கண்ணே. படம் எடுக்குற சார்தான் அனுப்புனாருன்னாங்க. நான்தான் மேல ஏற வழி காட்டிட்டு ஆட்டைத் திருப்பப் போனேன். வந்து பாத்தா யாரும் இல்ல." பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நீங்களாண்ணே அனுப்புனீங்க?"

"இல்லையே" என்றேன்.

அந்த இரண்டு பேரை நான் அனுப்பவில்லை என்பது உண்மைதான். அந்த உண்மைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். செய்வினை, மாந்திரீகம் என்று கோட்டானை வாங்க ஆள் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. அந்த எண்ணுக்குப் போன் செய்து செய்து பார்த்தேன். அணைத்து வைத்திருந்தான்.

குஞ்சுகள் போய்விட்டன. பெரியவை தப்பியிருக்குமா? அது ஒன்றுதான் எனக்கு மிச்சம். அலுவலகம் விட்டதும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேராகக் கரட்டுக்குப் போவேன். பொழுது சாயும்போது கொம்பன் ஆந்தை கூப்பிடும். கனமான, அடிவயிற்றிலிருந்து வருகிற குரல். காது வலிக்கக் காத்திருப்பேன். பக்கத்துக் கல்குவாரிப் பள்ளங்களில் இறங்கிப் பார்த்தேன். புள்ளி ஆந்தைகள் கீச்சிட்டன. கூகை ஒன்று வெள்ளையாகக் கடந்து போனது. வேறு எதுவும் என் கண்ணில் நிற்கவில்லை. வீட்டில் சோறு இறங்கவில்லை. "ஊர்ல வேற ஆந்தையே இல்லையா?" என்று மனைவி கேட்டாள். அவளிடமும் சொல்லவில்லை.

அவரும் தினமும் என்னோடு தேடினார். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. ஆடுகளைப் பட்டியில் அடைத்துவிட்டு ஓடி வருவார். "எம்புட்டு நம்பிக்கையா குஞ்சு வச்சிருந்துச்சு. நான் வழி காட்டிட்டேனேண்ணே" என்பார். நான் பைனாகுலரைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

மூன்றாவது வாரம் ஒருநாள் அவரே போன் செய்தார். கண்மாய்க் கரையில் பெரிய மருத மரம், அதில் கொம்போடு ஒன்று உட்கார்ந்திருக்கிறது என்றார். நான் போய்ச் சேர்ந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. அவர் கண் கலங்கி நின்றார்.

"அதேதாண்ணே. உசுரோட இருக்கு."

பைனாகுலரைக் கண்ணில் வைத்தேன். பெரிய ஆந்தை, கொம்பும் இருந்தது. அதுவாகவே இருக்க வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஆனால் கண் மஞ்சளாக இருந்தது. வெளிச்சத்தால் அப்படித் தெரிகிறது என்று சொல்லிக்கொண்டேன். அப்போது அது கிளையில் நகர்ந்தது. கால் தெரிந்தது. கொம்பன் ஆந்தைக்குக் கால் முழுக்க இறகு மூடியிருக்கும். இதற்கு வெறுங்கால். மரத்தடிக்குப் போய்த் தேடினேன். உருண்டை ஒன்று கிடந்தது. உடைத்தேன். எலி மயிர் இல்லை. நண்டு ஓடும் மீன் செதிலும் உதிர்ந்தன.

அதுதான் என்று சொல்லியிருக்கலாம். அன்றைக்காவது அவர் தூங்கியிருப்பார். நானும் பாதி நம்பியிருப்பேன். முடியவில்லை.

"இது மீன் ஆந்தை தம்பி. நம்மது இல்ல."

அவர் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "என்னாலதான். எல்லாம் என்னாலதான்."

"உங்களால இல்ல" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். படம் போட்டது, போன் வந்தது, லொக்கேஷன் அனுப்பியது. சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் கையிலிருந்த செதில்களைப் பார்த்தே சொன்னேன்.



"அப்ப ஏண்ணே இம்புட்டு நாளா என்னைய அழ விட்டீங்க?"

கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் வனத்துறை அலுவலகத்தில் புகார் கொடுத்தேன். எண்ணைக் குறித்துக்கொண்டார்கள். வந்த ஆட்களைப் பார்த்தது யார் என்று கேட்டார்கள். அவரைத்தான் கேட்க வேண்டியிருந்தது. போனில் கேட்டேன். "நான் போய் அங்கன நின்னா நான்தாண்ணே திருடன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். ஆனால் இரண்டு நாள் கழித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு தல்லாகுளத்தில் என் அலுவலக வாசலில் வந்து நின்றார். "வாங்க, போவோம்" என்றார். வனத்துறை அலுவலகத்தில் பைக்கின் நிறம், ஒருவன் கையில் குத்தியிருந்த பச்சை, பையின் அளவு எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னார். தான்தான் வழி காட்டியதாகவும் மறைக்காமல் சொன்னார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் பங்கை நானே சொன்னேன். எழுதிக்கொண்டவர் நிமிர்ந்து ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி எழுதினார்.

திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் வெயிலில் நின்றோம். டீ சாப்பிடுவோமா என்றேன். வேண்டாம் என்றார்.

"நாளைக்குச் சாயங்காலம் கரட்டுக்கு வாரேன் தம்பி."

"வாங்க. கோட்டானைத் தேடி வாங்க. என்னைத் தேட வேணாம்."

விளாங்குடி பஸ் வந்தது. ஏறி, எனக்கு முதுகு காட்டும் சீட்டில் உட்கார்ந்தார்.

அந்த ஆட்கள் இதுவரை பிடிபடவில்லை. கோட்டான் குஞ்சோடு இருக்கிற மாசி மாதம் இந்த வருஷமும் வந்து முடியப்போகிறது. வாரத்துக்கு மூன்று நாளாவது கரட்டின் ஒரு பக்கத்தில் நான் நிற்கிறேன். எதிர்ப்பக்கச் சரிவில் அவருடைய ஆடுகள் மேய்கிற மணிச் சத்தம் கேட்கிறது. கொம்பன் ஆந்தையின் குரல் இன்னும் கேட்கவில்லை.