பெட்டிக்குள் அளவு பிளவுஸ்கள்

பம்மலில் வீட்டிலேயே பிளவுஸ் தைப்பவள் நான். வெளிநாட்டில் வேலை பார்க்கும் கணவர் எனக்கும் விசா எடுத்தார். அங்கிருக்கும் தமிழ்ப் பெண்களிடம் வாட்ஸ்அப்பிலேயே ஆர்டர் பிடித்து, அவர்களுடைய அளவு பிளவுஸ்களை இங்குள்ள அம்மாக்களிடம் வாங்கிப் பெட்டியில் அடுக்கிவிட்டேன். வீடியோ காலில் பெருமையாகக் காட்டியதும் கணவர் பதறினார்.

"ஐயோ! உன்னுது டிபென்டென்ட் விசாம்மா. என்கூட தங்கலாம், காசுக்கு ஒரு ஹூக் கூட கட்டக் கூடாது. மாட்டினா அனுப்பிடுவாங்க."

"அப்ப சும்மா உக்கார்றதுக்கா வரணும்?" எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் கேமராவைச் சட்டைப் பக்கம் இறக்கினார். இரண்டு பட்டன் இல்லை. "இதுக்கு பெர்மிட் வேணாம்."

பிளவுஸ்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது வெளிநாடு போகும் மணப்பெண் யார் வந்தாலும், அளவெடுக்கும் முன்பே, "விசாவுல வேலை பார்க்கலாம்னு போட்டிருக்கா?" என்று கேட்கிறேன்.

என் பெட்டியில் ஊசி, நூல், ஒரு டப்பா நிறைய வெள்ளைப் பட்டன்.