பினாங்கில் பெரியம்மா சொன்ன பெயர்

மஞ்சள் நிறத்தில் வட்டமான ஓர் அட்டை. உள்ளங்கை அளவுதான் இருக்கும். அதில் குத்தியிருக்கும் ஊக்கு துருப்பிடித்து, அட்டையிலும் பழுப்பு இறங்கிவிட்டது. நடுவில் பெரிதாக 23 என்ற எண். அதற்குக் கீழே ஆங்கிலத்தில் யாரோ அவசரமாக எழுதிய ஒரு பெயர், அதன்மேல் அழுத்தி இழுத்த இரண்டு கோடுகள். அடித்த பெயருக்கு அடியில், இரண்டாம் வகுப்பைத் தாண்டாத ஒரு கை தமிழில் கோணலாக எழுதிய இன்னொரு பெயர். ரவாங்கில் எங்கள் வீட்டு அலமாரியில், பிறப்புப் பத்திரங்கள் இருக்கும் பிளாஸ்டிக் உறையில் இதையும் வைத்திருக்கிறேன். என் மகள் ஒருமுறை குப்பையென்று நினைத்து எறியப் பார்த்தாள். அன்றைக்கு அவள் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை இன்றுவரை சொல்லிக் காட்டுவாள்.

எண்பதுகளின் நடுவில் ஒரு மத்தியானம் முழுக்க இந்த அட்டை என் பெரியப்பாவின் சட்டையில் இருந்தது. அப்பாவின் அண்ணன். சிறுவயதில் அப்பா போய்விட்டதால் கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டமொன்றில் அவர் வீட்டில்தான் வளர்ந்தேன். செம்பனைக் குலை ஏற்றும் லோரியை ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமை மதியம் சோறு உண்டதும் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கலங்கரை விளக்கம் இருக்கும் புக்கிட் மெலாவத்தி மலைக்குப் போவார். மற்றவர்கள் அங்கே குரங்குக்குக் கச்சான், அதாவது வேர்க்கடலை, போடப் போவார்கள். இவர் மட்டும் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். சதுப்புக் காட்டுக்கு அப்பால் கடல் வெள்ளையாகக் கிடக்கும். அதன் விளிம்பில் ஒரு கப்பல், போகிறதா நிற்கிறதா என்றே தெரியாமல் இருக்கும். "ஒரு நாளு ஏறிப் பாக்கணும் பாப்பா" என்பார். எனக்குக் கண் சொக்கும். அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவேன். எழுந்து பார்த்தால் அந்தக் கப்பல் அதே இடத்தில் இருக்கும், அல்லது அது வேறு கப்பலாக இருக்கும்.

நான் படித்து ரவாங்கில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் தட்டச்சு வேலைக்குப் போன பிறகுதான் அவருக்கு மறதி தொடங்கியது. முதலில் சாவி, அப்புறம் கண்ணாடி. யாருக்குத்தான் அது மறக்காது? ஒருநாள் ஆலைக்குப் போகவேண்டிய லோரியைக் குலையோடு சுங்கை ஆயர் தாவார் என்ற ஊர் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய், கடைத்தெருவில் நிறுத்திவிட்டு, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அதன்பின் லோரிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். "வயசாச்சி, அவரே வேணாம்னுட்டாரு" என்று பெரியம்மா லயத்து வரிசைவீடுகள் முழுக்கச் சொல்லி மூடி மறைத்தார். சிங்கப்பூரில் வேலைசெய்த அண்ணனுக்குக்கூட, அவர்களுடைய மூத்த மகனுக்குக்கூட, எழுதவில்லை. ஒரு விடுமுறை நாளில் நான் போனபோது, சமையலறையில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "கப்பலு கப்பலுன்னு உசுர வுட்டாரு. ஏறுனா ஏறுனோம்னு ஞாபகம் இருக்கணுமில்ல? அது இருக்கும்போதே கூட்டிக்கிட்டுப் போயிறணும் பாப்பா." அந்த அவசரம் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. கிள்ளான் துறைமுகத்திலிருந்து பினாங்குக்குப் போய்த் திரும்பும் இரண்டு இரவுக் கப்பல் பயணத்தில் மூன்று இடம் போட்டேன்.

பெரியம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் தன் கணவரின் பெயரைச் சொன்னதே இல்லை. அந்தக் காலத்தில் எந்தப் பெண்தான் சொன்னாள் என்பீர்கள். ஆனால் பெரியம்மா அதில் ஒரு படி மேல். மருத்துவமனைச் சீட்டில் கேட்டால் என்னைக் கை காட்டுவார். அதே பெயரில் ஒரு மளிகைக்கடை இருந்தது, அதைக்கூட 'மூலைக்கடை' என்றுதான் சொல்வார். இத்தனைக்கும் தினமும் காதில் விழுந்த பெயர்தான். தோட்டத்தில் விடியற்காலையில் பெரட்டு நடக்கும். அலுவலகத்தின் முன்னால் எல்லாரும் வரிசையாக நிற்க, கணக்கெழுதும் கிராணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார், "ஐயா!" என்று பதில் கொடுக்க வேண்டும். மூன்று முறை கூப்பிட்டும் பதில் வராவிட்டால் அன்றைக்கு அந்த ஆள் இல்லை, அவ்வளவுதான். பெண்கள் வரிசையில் நின்றபடி முப்பது வருஷம் அந்தப் பெயரைக் கேட்டிருக்கிறார். நானும் அதை இங்கே எழுதப் போவதில்லை. பெரியம்மா அத்தனை வருஷம் பொத்தி வைத்ததை நான் சும்மா தூக்கிக் கொடுத்துவிடுவதா?

கப்பலை நினைத்தால் இன்னும் எனக்கு எல்லாம் மிதக்கிறது. கிளம்புமுன் மணியடித்து, ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டிவிட்டு, எல்லாரையும் மேல்தளத்தில் நிற்கச் சொன்னார்கள். பெரியம்மா தன்னால் பெண்கள் பக்கம் ஒதுங்கி நேராக நின்றுகொண்டார். "இங்கயும் பெரட்டு வெச்சிருக்கான் பாருங்க!" என்றார். பெரியப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! கரை நழுவ, சதுப்பு மரங்கள் ஒரு கோடாகி, வெயில் சாயும்போது வடக்கே ஒரு சின்னப் புடைப்பு தெரிந்தது. அதுதான் எங்கள் மலையென்று அவர் சத்தியம் செய்தார். அப்புறம் கையை உயர்த்தி அதை நோக்கி ஆட்டினார். யாருக்கு என்று கேட்டேன். "அங்க உக்காந்து பாத்துக்கிட்டு இருப்பாங்கல்ல" என்றார். நானும் அவரும் அங்கே உட்கார்ந்திருப்பதாக ஒரு கணம் எனக்கும் தோன்றி, நானும் கையை ஆட்டினேன்.

மறுநாள் பினாங்கில் பகலுணவுக்குப் பிறகு நடைச் சுற்றுலா. மடக்கிய சிவப்புக் குடையைத் தூக்கிப் பிடித்த ஒரு சீனப் பெண் வழிகாட்டி. படித்துறையில் ஒவ்வொருவருக்கும் அட்டை எழுதிக் கொடுத்தாள். அந்த நேரம் பார்த்து நான் தண்ணீர் வாங்கப் போயிருந்தேன். அவள் மலாயில் பெரியம்மாவிடம் கணவரின் பெயரைக் கேட்டிருக்கிறாள். பெரியம்மா என்னைத் தேடியிருக்கிறார், காணவில்லை. பின்னால் வரிசை நெருக்க, மூத்த மகனின் பெயரைச் சொல்லி, அவனுடைய அப்பா என்றிருக்கிறார். வழிகாட்டி மகன் பெயரையே எழுதி, பட்டியலிலும் ஏற்றிவிட்டாள். நான் வந்து பார்த்தேன். பார்த்துவிட்டுச் சிரித்தேன்! "ஒரு மத்தியானம்தான, அண்ணனாவே இருந்துட்டுப் போவட்டும்" என்றேன். இதை எழுதும்போதும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

கோட்டை, மணிக்கூண்டு, ஊதுவத்திப் புகைக்குள் பாதி மறைந்த சீனக் கோயில். வெயிலும் புகையும் சேர்ந்து தெருவே தூக்கத்தில் இருந்தது. நாங்கள் நடந்தோமா தெரு எங்களைக் கடந்துபோனதா என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு தமிழர் தெரு. மல்லிகை, மசாலை, துணிக்கடைகள். இரவல் கேமராவில் பெரியம்மாவை ஒரு பூக்கடை முன்னால் நிறுத்திப் படம் எடுத்தேன். திரும்பினால் பெரியப்பா இல்லை.

ஐந்தரைக்குள் கப்பலில் இருக்க வேண்டும், ஆறுக்கு அது கிளம்பிவிடும். அப்போதே மணி நாலரை. பெரியம்மா தெரு நடுவில் நின்று, "ஏங்க! ஏங்க!" என்று கத்தினார். அந்தத் தெருவில் பாதி ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு நகைக்கடைக்காரர் "என்னாம்மா?" என்று எழுந்தே வந்துவிட்டார். பெரியம்மாவின் ஆள் மட்டும் வரவில்லை. வழிகாட்டி பட்டியலை எடுத்துக்கொண்டு பெரியம்மாவோடு தெருக்கோடிக் கோயிலுக்கு ஓடினாள், அங்கே ஒலிபெருக்கி இருந்தது. நான் எதிர்ப்பக்கம் ஓடினேன்.

இரண்டு சந்து தள்ளியிருந்தபோது ஒலிபெருக்கியில் பெயர் கேட்டது. ஒருமுறை, இன்னொருமுறை. கோலசிலாங்கூரிலிருந்து வந்திருக்கும் இன்னார் உடனே கோயிலுக்கு வரவும், உங்களைக் காணாமல் தேடுகிறார்கள். இன்னார் என்றது அண்ணனின் பெயரை. திரும்பி ஓடிவந்தால் படம் எடுத்த அதே பூக்கடையில் ஒரு இளம் பெண் என்னை மறித்தாள்.

"அக்கா, சட்டையில மஞ்ச அட்டை குத்தியிருந்த ஐயாவதான தேடுறீங்க? இங்கதான் லா நின்னாரு. மைக்குல பேரு சொன்னாங்க பாருங்க, ஒடனே, ஐயையோ எம்மவன காணோமாம், சின்னப் புள்ள, அழுவுவான்னு சொல்லிட்டு அந்தப் பக்கமா ஓடுனாரு. நான் கூப்பிட்டேன், நிக்கல."

கூப்பிட்டு வரவழைக்க நினைத்த பெயரே அவரைத் துரத்திவிட்டது. சிங்கப்பூரில் மீசையோடு இருக்கும் அண்ணனை, அவர் பினாங்குக் கூட்டத்தில் ஐந்து வயதுப் பையனாகத் தேடிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். அவர் ஒவ்வொரு சந்தாகத் தள்ளிப் போவதை நினைத்ததும் அழுதேவிட்டேன்.

கோயிலில் பெரியம்மா தூணைப் பிடித்தபடி நின்றிருந்தார். நான் சொன்னதைக் கேட்டதும் முகம் வெளுத்துப்போனது. "நான் பண்ணுன வேலதான் பாப்பா. ஒரு பேரச் சொல்ல வாய் வராம ஆள தொலைச்சிட்டேன்" என்றார். நான் ஒலிவாங்கியை எட்டி வாங்கினேன். எனக்கென்ன, நான் சொல்லலாம். வாயைத் திறந்தேன். பெரியம்மா என் கையிலிருந்து அதைப் பிடுங்கினார்.

"ஒங் கொரலு அவருக்கு இப்பல்லாம் சட்டுன்னு பிடிபடாது. எங் கொரலுதான் தெரியும்."

தாலியை ஒருமுறை கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்புறம் சொன்னார். முதல் முறை பாதிதான் வந்தது, மீதி மூச்சாகப் போனது. இரண்டாம் முறை முழுசாக வந்தது. கெஞ்சலாக இல்லை, அழுகையாகவும் இல்லை. அப்பன் பெயரை முன்னால் வைத்து, கடைசி எழுத்தை நீட்டி, அப்படியே கிராணி பெரட்டில் கூப்பிடுவதுபோல. தெரு முழுக்க அது எதிரொலித்தது. மூன்றாம் முறை சொல்லிவிட்டு ஒலிவாங்கியைக் கீழே இறக்கினார். அதற்குமேல் கூப்பிடும் வழக்கம் இல்லையே.

"ஐயா!"

கடைத்தெருவின் அந்தக் கோடியிலிருந்து குரல் வந்தது. வலக்கையைத் தூக்கிக்கொண்டு, இடக்கையில் இரண்டு கச்சான் பொட்டலத்தோடு, பெரட்டுக்குப் பிந்தியவரின் வேகநடையில் பெரியப்பா வந்துகொண்டிருந்தார். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பெரியம்மாவை மேலும் கீழும் பார்த்தார். "ஏம் புள்ள, பேரச் சொல்லியா கூப்புடுற?" என்றார். பெரியம்மா தெருவென்றும் பாராமல் அவர் நெஞ்சில் இரண்டு குத்துக் குத்திவிட்டு, அங்கேயே முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். "அவன் எங்க? அவனுக்குத்தான் கச்சான் வாங்குனேன்" என்றார் பெரியப்பா. பத்திரமாக இருக்கிறான் என்று நான் சொன்னேன். அது உண்மைதான்.

கப்பலைப் பிடித்துவிட்டோம். கடைசியாக ஏறியவர்கள் நாங்கள். மேல்தளத்தில் கச்சானைப் பங்கிட்டுத் தின்றபடி பினாங்கு தண்ணீரில் கரைவதைப் பார்த்தோம். பெரியம்மா என்னிடம் பேனா கேட்டார். பெரியப்பாவின் சட்டையிலிருந்து அட்டையைக் கழற்றி, மடியில் வைத்து, மகன் பெயரை அடித்து, எழுதினார். ஒவ்வோர் எழுத்தையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே எழுதினார். முடித்ததும் திரும்பக் குத்திவிட்டார்.

அதன்பின் எதையும் மூடி மறைக்கவில்லை. அண்ணனுக்குக் கடிதம் போயிற்று, அவன் வந்தான். மறதி மட்டும் வந்த வழியே போகவில்லை. முதலில் என்னை மறந்தார், பிறகு அண்ணனை, பிறகு வீட்டை. 'ஏங்க' என்றால் திரும்பமாட்டார். பெயரைச் சொன்னால் மட்டும் "ஐயா!" என்பார். பெரியம்மாவும் சொல்லத் தொடங்கிவிட்டார். லயத்தில் சிலர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள், சிரிக்கட்டும். ஒவ்வொரு முறையும் பெரியப்பா கட்டிலுக்கடியில் செருப்பைத் தேடுவார்.

"கப்பலு கெளம்பப் போவுதா?"

"இல்லங்க. நேரம் இருக்கு. உக்காருங்க."

அப்பாடா என்று சாய்ந்துகொள்வார். அவர் கடைசிவரை இறங்காத கப்பல் அது ஒன்றுதான்.

இப்போது என் மகள் சமையலறையிலிருந்து தன் கணவனைப் பெயர் சொல்லி ஒரு நாளைக்கு நூறு தடவை கூப்பிடுகிறாள். மாப்பிள்ளை கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமல் "என்னா?" என்கிறார். நல்ல பிள்ளைகள்தான். அவள் கூப்பிடும்போதெல்லாம் எனக்கு மட்டும் அலமாரிப் பக்கம் கண் போகும்.

பெரியப்பா போனது ஒரு விடியற்காலையில், பெரட்டு நேரத்தில். நான் பக்கத்தில் இருந்தேன். பெரியம்மா கன்னத்தைத் தொட்டுப் பெயரைச் சொன்னார். பதில் இல்லை. இன்னொரு முறை. மூன்றாம் முறை. கொஞ்சம் பொறுத்து, நாலாவது முறையும் கூப்பிட்டார்.

எல்லாம் முடிந்து நான் ரவாங்குக்குக் கிளம்பியபோது, முந்தானையில் முடிந்து வைத்திருந்த மஞ்சள் அட்டையை அவிழ்த்து என் கையில் கொடுத்தார். வேண்டாம், உங்களிடமே இருக்கட்டும் என்றேன்.

"நீ வெச்சிக்க பாப்பா. எனக்குத்தான் சொல்ல வந்துருச்சே" என்றார்.