தென்காசிக்கு ஓடிய மரங்கள்

எனக்கு ஆறு வயதானபோது, பிள்ளையில்லாத அத்தைக்கு என்னை வளர்க்கக் கொடுப்பதென்று முடிவாயிற்று. ஐந்து பெண்களில் நான் நான்காவது. தன் அக்காவிடம் இல்லை என்று சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை. அத்தையும் நானும் புறப்பட்டபோது அம்மா அடுக்களையை விட்டு வெளியே வரவேயில்லை.

அத்தையின் ஊர் மலைக்கு அந்தப் பக்கம், புனலூர். தென்காசியில் ரயில் ஏறியபோது ஆனி மாதச் சாரல். நான் சன்னலோரம் உட்கார்ந்தேன். தந்திக்கம்பங்களும் தென்னைகளும் வந்த வழியே ஓடின. தூரத்தில் வெள்ளைக் கோடாகத் தெரிந்த குற்றால அருவியும், அவசரமில்லாமல், அந்தப் பக்கமே நகர்ந்தது. எல்லாம் அம்மாவிடம் போய்க்கொண்டிருந்தன, என்னைத் தவிர. என்னைப் பிடித்துவைத்திருப்பது பெட்டியின் தரைதான் என்று எனக்குப் பட்டது. கால் தரையில் படாதிருந்தால் நானும் மரங்களைச் சேர்ந்தவள். வண்டி அடியில் நழுவிப் போய்விடும்.

எழுந்து குதித்தேன். அதே இடத்தில்தான் விழுந்தேன். உயரம் போதவில்லை என்று மறுபடியும் குதித்தேன்.

எதிரே ஜவுளி மூட்டையோடு இருந்த கடையநல்லூர் வியாபாரி, "ஏட்டி, வண்டி பழசு. ஓட்டை போட்டுராத" என்றார். யார் பெண் என்று அத்தையிடம் விசாரித்தார்.

"எம் மவதான் அண்ணாச்சி."

அத்தை அப்படிச் சொல்லி நான் அதற்குமுன் கேட்டதில்லை. பிறகு என்னை அருகில் இழுத்து, எதற்குக் குதிக்கிறாய் என்றாள்.

"நான் மேல இருக்கயில வண்டி போயிரும்லா. அப்பம் அம்மைகிட்ட விழுந்துருவேன்."

வியாபாரி சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. என் முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டே இருந்தாள்.

செங்கோட்டையில், மலையேற்றத்துக்காக வண்டியின் பின்னால் இன்னொரு எஞ்சின் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அத்தை தகரப்பெட்டியை எடுத்துக்கொண்டு என்னையும் இறக்கினாள்.

"குதிச்சது போதும்ட்டி. வா, ஒங்க வீட்டுக்குப் போவம்."

திரும்பும் வண்டியில் நான் அசையவில்லை. இப்போது கால் தூக்கினால் புனலூர்ப் பக்கம் விழுந்துவிடுவேனே. மடியில் வந்து உட்காரச் சொல்லி அத்தை கூப்பிட்டும் பலகையை விடவில்லை.

வாசலில் அம்மா என்னை வாரித் தூக்கினாள். குதித்தே வந்துவிட்டேன் என்றேன். அத்தை அதை மறுக்கவில்லை. பெட்டியைத் திறந்து என் துணிகளையும், எனக்கென்று அவள் தைத்துக் கொண்டுவந்திருந்த புதுப் பாவாடைகளையும் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, சாயங்கால வண்டிக்குக் கிளம்பினாள்.

தெருமுனைவரை அந்தப் பெட்டியை நான்தான் தூக்கிப் போனேன். எனக்கு எவ்வளவு பலம் பாருங்கள் என்று வழியெல்லாம் அத்தையிடம் பெருமையடித்துக்கொண்டே நடந்தேன்.