சட்டையைக் கழற்றாத மாப்பிள்ளை

1960களில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, முதுகு முழுக்கப் பருத் தழும்புகள். பெண்ணுக்கு ஊர் நெய்க்காரப்பட்டி. அந்த வீட்டில் மாப்பிள்ளை சட்டையில்லாமல்தான் மணையில் உட்கார வேண்டுமாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை.

குப்பைமேனி அரைத்துப் பூசினேன், அரிப்புதான் மிச்சம். திண்டுக்கல் சந்தையில் வாங்கிய களிம்பைத் தடவினேன். தோல் உரிந்து தழும்பு இன்னும் கறுத்தது. டாக்டர் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"களிம்ப நிறுத்துப்பா. கறுப்பு போகப்போக மங்கிரும். பள்ளம் முழுசாப் போகாது. அதனால ஒரு கெடுதலும் இல்ல."

எனக்கு மனம் ஆறவில்லை. கல்யாணத்தன்று காய்ச்சல் என்று பொய் சொல்லிச் சட்டையோடு உட்கார்ந்துவிட்டேன். பெண்ணின் தாய்மாமன் என் நெற்றியைத் தொட்டார்.

"சில்லுனு இருக்குதுங்க. மாப்பிள்ளை எதையோ மறைக்கறாருங்க."

"பெரிய வியாதியா இருக்குமோ?" என்றது கூட்டத்தில் ஒரு குரல். மேளம் நின்றது. பெண் திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஏலே, கழத்துடா!" என்று என் அப்பா பல்லைக் கடித்தார்.

சட்டையைக் கழற்றினேன்.

"அட, பருத் தழும்புங்களா? இதுக்கா இத்தனை கூத்து?" என்ற தாய்மாமன், தன் சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டினார். என்னுடையதைவிட மோசம். "என்னுதையும் பாருங்க மாப்பிள்ளை" என்று அவர் தம்பியும் திரும்பி நின்றார். பெண் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள். மேளம் மறுபடி கொட்டியது.

தழும்புக்காக யாரும் கல்யாணத்தை நிறுத்த நினைக்கவில்லை. என் பொய்தான் நிறுத்தப் பார்த்தது. இன்றும் முதுகில் எண்ணெய் தேய்த்துவிடும்போதெல்லாம் என் மனைவி, "காய்ச்சல் எப்படிங்க இருக்குது?" என்று கேட்கத் தவறுவதில்லை.