விட்பியில் வாங்கிய கிடாய்

எழுபதுகளின் நடுப்பகுதி. பனி கொட்டுகிற தேசத்தில், பார்க்டேல் என்கிற நகரப் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தோம். மனைவி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஐந்து மாதம். வயிற்றில் பிள்ளைக்கு மூன்று மாதம். விடிந்தாலும் சத்தி, பொழுதுபட்டாலும் சத்தி, தின்றதெல்லாம் வெளியே வந்துவிடும். சோறு அவிகிற மணம் ஆகாது, பால் ஆகாது, பாண் ஆகாது. இன்னும் மெலிந்தால் ஆஸ்பத்திரியில்தான் படுக்கவேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அவளுடைய தகப்பன் கடிதம் எழுதினார்: அங்கே ஏலாதென்றால் மகளை அனுப்பிவிடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அந்தக் கடிதம் வந்த நாள் முதல் என் புத்தி கெட்டுப்போனது. உண்மையில் சத்திதானா, இல்லை ஊருக்குப் போக ஆடுகிற நாடகமா? என்னைப் பிடிக்கவில்லையோ? குளியலறைக் கதவில் காது வைத்துக்கூடக் கேட்டிருக்கிறேன். தூ, என்ன மனிதன் நான்!

ஒரு நாள் அவளே வாய்விட்டுக் கேட்டாள். "இஞ்சேருங்கோ, நல்ல ஆட்டிறைச்சிக் குழம்பெண்டால் ரெண்டு வாய் சாப்பிடுவன் போல கிடக்கு."

எங்கே போவது? எங்களுக்கு ஆடென்றால் வெள்ளாடுதான்; கடைப் பெட்டிகளில் உறைந்து கிடந்ததெல்லாம் செம்மறி. அவள் வீட்டில் செம்மறி வாசற்படி ஏறாது. உடம்பில் புண் கிளப்புகிற கிரந்திச் சாப்பாடு, பிள்ளைத்தாச்சிக்கு ஆகவே ஆகாது என்பார்கள். கடைசியில் தெரிந்த மூன்று வீட்டாரைச் சேர்த்தேன். ஊர் வழக்கப்படி நாலு வீடும் சேர்ந்து ஒரு கிடாய் அடித்துப் பங்கு போடுவது என்று முடிவானது. ரெக்ஸ்டேலில் இருந்த தமிழ்நாட்டு எஞ்சினியர் ஒருவரிடம் கார் இருந்தது. நகரத்துக்கு வெளியே, விட்பிக்கு அப்பால் ஒரு பண்ணையில் ஆடு இருப்பதாகக் கண்டுபிடித்தவரும் அவர்தான்.

பண்ணைக்காரன் ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உடம்பு முழுக்கச் சுருள் சுருளாக வெள்ளை மயிர், முழங்கால் வரை தொங்குகிறது. சவர்க்கார நுரைக்குள் விழுந்து எழும்பியது போல நின்றது.

"உது ஆடில்லை, செம்மறி. எங்களைப் பேய்க்காட்டுறான்," என்றேன் தமிழில்.

"கொம்பைப் பாருங்க, தாடியைப் பாருங்க. ஆடுதான் சார்," என்றார் எஞ்சினியர். அவர் முட்டைகூடத் தொடாத சைவம். இறைச்சி தின்னாதவருக்கு ஆடென்ன, செம்மறியென்ன!

பண்ணைக்காரன் 'அங்கோரா' என்றான். ஆட்டில் ஒரு இனமாம். துருக்கிப் பக்கத்திலிருந்து வந்ததாம். மயிருக்காகவே வளர்க்கிறானாம், மோஹேர் என்கிற விலையான நூல் அதில்தான் வருமாம். வயது போகப் போக மயிர் தடித்து விலை விழுந்துவிடும், அதனால்தான் இந்தக் கிடாயை விற்கிறானாம். எல்லாமே எனக்கு இட்டுக்கட்டின கதையாகப் பட்டது. நல்ல ஆட்டை எவன் விற்பான்?

அதோடு விட்டானா? அடிப்பதற்கு முன் மயிரை வெட்டி எடுக்கப்போகிறேன் என்று மெஷினைக் கொண்டுவந்தான்.

"பாத்தீரோ, கள்ளன் அடையாளத்தை அழிக்கிறான்!"

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் சார்," என்று எஞ்சினியர் காருக்குள் போய் இருந்துகொண்டார்.

மயிர் போனதும் உள்ளே இருந்து பாதி அளவில் ஒரு மெலிந்த சீவன் வந்தது. என் கண்ணுக்கு அதுவும் மொட்டையடித்த செம்மறிதான். ஆட்டின் வால் நிமிரும், செம்மறியின் வால் தொங்கும் என்பது தெரிந்ததால் பின்னால் போய்க் குனிந்து பார்த்தேன். பயத்தில் அது வாலை ஒடுக்கிக்கொண்டு நின்றது. வெறுங்கையோடு போய் அவள் முகத்தில் எப்படி முழிப்பது? வாங்கிவிட்டேன்.

அவன் அடித்து உரித்துத் தந்த இறைச்சியை முகர்ந்து பார்த்தால் ஆட்டு மொச்சை மருந்துக்கும் இல்லை. செம்மறிதான், எனக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. ஆனாலும் மூன்று வீட்டுக்கும் பங்கைக் கொடுத்து, "நல்ல கிடாய்," என்று வாய் கூசாமல் சொன்னேன். குழம்பை நானே வைத்தேன். மூன்று மணித்தியாலம் அவிந்தது.

அவள் குசினிக்கு வந்து சட்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"என்ன ஆடு?"

"கிடாய்தான்."

"ஓம்," என்றாள். உட்கார்ந்து ஒரு கோப்பைச் சோறு சாப்பிட்டாள். சத்தி எடுக்கவில்லை. அடுத்த நாளும் சாப்பிட்டாள், அதற்கடுத்த நாளும். எனக்குத்தான் ஒரு வாயும் இறங்கவில்லை. பொய் சொல்லி ஊட்டிவிட்டேனே, பிள்ளைக்கு ஏதும் ஆகிவிட்டால் என்று இரவிரவாக அவளையே பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

பொறுக்க முடியாமல் லைப்ரரிக்குப் போய் விலங்குகளைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டினேன். அதே சுருள் மயிர், அதே கொம்பு, அதே தாடி. அங்கோரா ஆடு என்று படத்தோடு இருந்தது. வீட்டுக்கு ஓடினேன்.

"அது ஆடுதான்! சத்தியமாய் ஆடுதான்! புத்தகத்தில கிடக்கு!"

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "அப்ப, செம்மறியெண்டு நினைச்சுக்கொண்டே எனக்குத் தந்தனீங்கள்?"

கொம்பு, தாடி என்று நான் கையால் காட்டத் தொடங்கினேன்.

"எனக்கு அண்டைக்கே உங்கட முழியில விளங்கிச்சுது," என்றாள். "நானும் செம்மறியெண்டுதான் சாப்பிட்டனான். மூண்டு நாளும் பல்லைக் கடிச்சுக்கொண்டு வயித்துக்குள்ளை வைச்சிருந்தன்."

"விசரே உமக்கு? பிறகேன் சாப்பிட்டனீர்?"

"சாப்பிடாட்டி அப்பா என்னைக் கூப்பிட்டிடுவார். எனக்குப் போக விருப்பமில்லை."

சொல்லி முடித்ததும் வாயைப் பொத்திக்கொண்டு எழும்பி ஓடினாள். மூன்று நாளும் அடக்கியதெல்லாம் வந்தது. நான் பின்னாலேயே ஓடிப்போய், குளியலறைக்குள் குந்தி, இரண்டு கையாலும் அவள் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் வந்த ஐந்து மாதத்தில் அதுதான் முதல் தடவை.